கல்லுத்திரம் தாங்கும் பாரம்

திருச்சிற்றம்பலம்



திருவிழாக் காலத்தில் மண்டபங்களில் நெருங்கி நிற்கும் நமக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இத்தனை தூண்கள் இருப்பதால் அன்றோ சுவாமி புறப்பாடு கண்ணுக்கு மறைகின்றது? முன்னோர் இவற்றைக் குறைத்திருக்கலாகாதா? மதுரை ஆலவாய்ப் பெருமான் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்கின்றன. அவை பெருமைக்காக மட்டும் நிறுத்தப்பெற்றவை அல்ல. கல்லின் இயல்பை உணர்ந்தோர் கண்ட முடிவு அது. அந்த வரலாற்றையே இன்று சிந்திக்கப் புகுகின்றோம்.

பண்டைத் திருக்கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. அப்பரடிகள் காலத்தவனாகக் கருதப்பெறும் முதலாம் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டில் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றியே அயன், அரன், அரி மூவர்க்கும் கோயில் எடுத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டில் பொறித்தான். குடைவரையில் தூணும் உத்திரமும் தாய்ப்பாறையோடு ஒன்றியவை. உத்திரத்தின் வடிவம் உண்டு, தனித்து நின்று பாரம் தாங்கும் கடமை அதற்கு இல்லை. பின்னர்க் கற்களை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டும் கற்றளிகள் எழுந்தன. அப்போதுதான் கல்லுத்திரத்துக்கு மெய்யான சோதனை வந்தது. கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருநல்லமும் திருக்கோடிகாவும் அவ்வம்மையாரின் திருப்பணிக்குச் சான்று பகர்கின்றன.

மரத்தில் செய்து பழகியதைக் கல்லில் செய்யும்போது எழுந்த இடர் யாது? இரு தூண்களின்மேல் கிடத்திய உத்திரத்தின்மீது பாரம் ஏறினால், கண்ணுக்குப் புலனாகாத அளவில் அது வளைகின்றது. வளையும்போது மேற்பகுதி நெருக்கப்படுகின்றது, அடிப்பகுதி இழுக்கப்படுகின்றது, இடையே நெருக்கமும் இழுப்பும் இல்லாத ஓர் அடுக்கு அமைகின்றது. மரம் இவ்விரண்டையும் தாங்கும். வளைந்து காட்டி, முறியுமுன் எச்சரிக்கும். கருங்கல்லோ நெருக்கத்தைத் தாங்குவதில் ஒப்பற்றது. இழுப்பைத் தாங்குவதில் மிக எளியது. நெருக்கம் தாங்கும் வன்மையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் அதன் இழுப்பு வன்மை. ஆகவே கல்லுத்திரம் முறிவது பெரும்பாலும் நடுவில், அடிப்புறத்தில் தொடங்கும். முறியுமுன் வளைந்து காட்டவும் செய்யாது.

தூண்களின் இடைவெளி இருமடங்காயின், ஒரே சீராகப் பரவிய பாரத்தில் உத்திரத்தின் அடிப்புற இழுப்பு நான்மடங்காகும். தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ? தூணின் தலையில் இருபுறமும் நீண்டு நிற்கும் போதிகையும் வெறும் அணி அன்று. அது உத்திரத்தை இருபாலும் ஏந்தி, தாங்கலின்றி நிற்கும் நீளத்தைக் குறைக்கின்றது. உத்திரத்தின் உயரமும் அத்தகையதே. அகலத்தை இருமடங்காக்கினால் வன்மை இருமடங்கே. உயரத்தை இருமடங்காக்கினால் வன்மை நான்மடங்கு. தஞ்சை இராசராசேச்சுரத்து விமானத்திலோ, உட்கூடு மேலே செல்லச் செல்லக் கற்களைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நீட்டி அடுக்கிக் குவித்தனர். அங்கே நீண்ட உத்திரங்களுக்குத் தேவையே எழவில்லை. 1010-ஆம் ஆண்டில் கலசம் ஏறிய அவ்விமானம், கல்லுக்கு உகந்த நெருக்கத்தையே பெரிதும் துணையாகக் கொண்டு இன்றும் நிற்கின்றது.

மேனாட்டில் இதனைக் கணக்காக வகுக்கப் புகுந்தவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபடியே அவர் எழுதிய நூல் 1638-இல் லெய்டன் நகரில் அச்சேறியது. முறியும் இடத்தில் உத்திரம் முழுதும் இழுக்கப்படுகின்றது என்று அவர் கொண்டது பிழையே. ஆயினும் உயரத்தின் இருபடிக்கு ஏற்ப வன்மை கூடும் என்ற விகிதம் பிழைக்கவில்லை. பின்னர் 1773-இல் கூலும் என்பாரும், 1826-இல் நேவியர் என்பாரும் அக்கணக்கைச் செம்மை செய்தனர். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, எழுத்துக் கணக்கின்றியும், நம் சிற்பியர் உளியாலும் பட்டறிவாலும் கல்லின் உள்ளத்தை அறிந்திருந்தனர்.

அன்பர்களே, பழம்பெருமை பேசுவதோடு அமைந்துவிட்டால் பயன் என்ன? திருப்பணி என்ற நல்லெண்ணத்தோடு நாம் செய்வனவும் உத்திரத்தை வருத்தக்கூடும். மழைநீர் ஒழுகுகின்றதென்று, பழைய தளத்தைப் பெயர்க்காமலே அதன்மேல் சிமெண்டுத் தளம் போடுகின்றோம். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடை ஏற்றும். கீழேயுள்ள உத்திரமோ அன்று வைத்த அதே கல். தீயும் கல்லைப் பிளக்கும். 2018 பிப்ரவரியில் மதுரைத் திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீயால் தூண்களும் மேற்கூரைக் கற்களும் சிதைந்தமை நம் நெஞ்சை விட்டகலாத துயரம்.

விரிசல் கண்டால் நடுவே ஒரு முட்டுத்தூண் கொடுத்தால் போதும் என்று எண்ணுவாரும் உளர். கலிலியோ தம் நூலில் ஒரு செய்தி சொல்கின்றார். ஒரு பெரிய சலவைக்கல் தூணை, இரு முனைகளிலும் மரம் தாங்கக் கிடத்தி வைத்திருந்தனர். நடுவில் முறிந்துவிடுமோ என்று அஞ்சி, ஒருவர் நடுவிலும் ஒரு தாங்கல் வைப்பித்தார். சில திங்களில், அந்த நடுத்தாங்கலுக்கு நேர் மேலேயே அது முறிந்தது. முனைத் தாங்கல் ஒன்று உளுத்து இறங்க, நடுத்தாங்கல் இறங்காமல் நின்றுவிட்டது. அதனால் இழுப்பு மேற்புறத்துக்கு மாறிவிட்டது. அன்பு வைத்த தாங்கலே அழிவுக்கு ஏதுவாயிற்று. ஆகவே முட்டுக் கொடுப்பதாயினும், அறிந்த ஸ்தபதியையும் பொறியாளரையும் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

அப்பரடிகள் திருக்கரத்தில் உழவாரம் ஏந்தியதை எண்ணிப் பாருங்கள். திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பணியே நமக்கு வழிகாட்டி. தளத்தில் முளைக்கும் ஓர் ஆலங்கன்றை இன்று களையாவிடில், அதன் வேர் கல்லின் இடுக்கைப் பிளந்து மழைநீருக்கு வழிவிடும். அடுத்த குடமுழுக்குக்கு முன்னர், கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவது பற்றிப் பேசுமுன், மண்டபத்துள் நின்று ஒருமுறை அண்ணாந்து உத்திரத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். நம் தலைக்குமேல் பல நூற்றாண்டுகளாகச் சொல்லாது பாரம் சுமக்கும் அக்கல்லும் ஓர் அடியவரே. அதன் சுமையைக் கூட்டாதிருத்தலும் சிவத்தொண்டே ஆகும்.

திருச்சிற்றம்பலம்