எழும்பூர் மணலும் ஆனேக்கல் கணிப்பொறியும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நெடுஞ்சாலை வழியே ஊர் திரும்பும் தமிழன்பர்கள் ஆனேக்கல் வட்டத்தைக் கடந்தே அத்திப்பள்ளி எல்லையை அடைகின்றனர். பொம்மசந்திரா, ஜிகணி முதலிய தொழிற்பேட்டைகள் அமைந்துள்ள இவ்வட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியுள்ளன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே வளரும் நம் குழந்தைகளுக்கு இப்போது நான்காவதாக ஒளித்திரையும் வந்து சேர்ந்திருக்கிறது. திரையே பாடம் சொல்லிக்கொடுக்குமானால் ஆசிரியர் எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உளர்.

இக்கேள்வி புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உலகப் பள்ளிகளை இது உலுக்கியது. அதற்கு வித்திட்ட புதுமையோ, நம் திண்ணைப் பள்ளியின் மணலிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் நிறுவப்பட்ட படைவீரர் பிள்ளைகளின் ஆதரவில்லத்திற்கு அவர் மேற்பார்வையாளரானார். ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த சிறுவர்கள் அங்கே வளர்க்கப்பட்டனர். இல்லத்து உபாத்தியாயர்களுக்கு ஊதியமும் குறைவு, ஊக்கமும் குறைவு. ஒருநாட் காலை குதிரைமீது உலாவச் சென்ற பெல், வழியிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை வரைவதைக் கண்டார். காகிதம் வேண்டா, மை வேண்டா, இறகுப் பேனாவும் வேண்டா. பிழைபட்டால் உள்ளங்கையால் ஒரு தடவல் போதும். உடனே இல்லத்திற்குத் திரும்பிக் கடைசி வகுப்பிற்கு அம்முறையைக் கற்பிக்குமாறு பணித்தார். அது நடவாது என்று கூறிவிட்டார் உபாத்தியாயர். பெல் வாதாடவில்லை. ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். உபாத்தியாயரால் முடியாதென்ற வேலையை அச்சிறுவன் செய்து முடித்தான்! பிறகு வகுப்பு வகுப்பாகச் சிறுவர்களே சிறுவர்களுக்குக் கற்பிக்கலாயினர்.

இங்கே மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல். பெல் கண்ட பள்ளியை ஆங்கில நூல்கள் ‘மலபார்ப் பள்ளி’ என்று குறிக்கின்றன. இதைக் கேரளத்துப் பள்ளி எனப் பொருள் கொள்வோர் உண்டு. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபாரிகள்’ என்றே எழுதினர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சென்னையிற் காலை உலாவுக்குச் சென்றவர் மேற்குக் கடற்கரை வரை குதிரையை ஓட்டியிருக்க முடியாது. மாணவனே கற்பிக்கும் வழக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தார் ‘மானிட்டர்’ என்ற சொல்லைக் கையாண்டனர். நமக்கோ சட்டாம்பிள்ளை என்ற சொல் முன்னமே இருந்தது.

பெல் 1796இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு தம் சோதனையை விவரிக்கும் சிறு நூலை இலண்டனில் வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்பார் அதே நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கி, இதனையொத்த முறையைப் பெருக்கி வளர்த்தார். யார் முதலிற் கண்டது என்று இருவருடைய ஆதரவாளரும் பல்லாண்டு வழக்காடினர். அப்பூசலை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தோர் தேசியக் கல்விச் சங்கத்தை அமைத்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயருடனேயே பெல்லின் திட்டத்தை ஊர்தோறும் பரப்பினர். லங்காஸ்டரின் முறை நியூயார்க்கை எட்டியது. தென் அமெரிக்காவின் கராக்கஸ் நகருக்கு லங்காஸ்டரே சென்றார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

ஆயினும் கடல் கடந்த முறை நம் திண்ணையில் இருந்த முறை அன்று. ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார் லங்காஸ்டர். நீண்ட கூடம், வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், கட்டளைகளைக் குறிக்கும் எழுத்துப் பலகை, மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அமரும் குழந்தைகள் எனப் பள்ளி ஒரு நூற்பாலை போலாயிற்று. குறும்பு செய்த சிறுவனைக் கூடையில் வைத்து உத்தரத்தில் தொங்கவிட்டதும் உண்டு. செலவு சுருங்கியது, அதனோடு கல்வியும் சுருங்கியது. தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததைத்தானே சட்டாம்பிள்ளை பிறர்க்குச் சொல்ல முடியும்? 1846 முதல் இங்கிலாந்து, சம்பளமும் ஐந்தாண்டுப் பயிற்சியும் பெறும் இளம் பயிற்சியாசிரியர்களை அமர்த்தி, பழைய முறையை மெல்லக் கைவிடலாயிற்று.

விடப்பட்டது எது என்பதற்கு நல்ல சான்று, இன்று கருநாடகத்தைச் சேர்ந்ததும் அன்று சென்னை மாகாணத்திலிருந்ததுமான பல்லாரியிலிருந்து கிடைக்கிறது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் நாட்டுப் பள்ளியின் சிக்கனத்தைப் புகழ்ந்து, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றே எழுதினார். கீழ் வகுப்பினர் சட்டாம்பிள்ளைகளிடம் பயின்றாலும், மேல் வகுப்பிற்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் கண் பள்ளி முழுவதன்மீதும் இருந்தது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. இலண்டன் கூடத்தில் ஆயிரம் பிள்ளைகள்மீது அக்கண் எங்ஙனம் படரும்?

நம் பழைய பள்ளியைப் பொற்காலமாக்கிப் பாட எனக்கு விருப்பமில்லை. பொருள் விளங்காமற் செய்யுளை ஒப்பிக்கும் வழக்கத்தைக் காம்ப்பெல்லே குறை கூறினார். பெண்களில் மிகச் சிலரே படித்தனர். தாழ்த்தப்பட்டோர்க்குத் திண்ணை ஏறும் உரிமையே பெரும்பாலும் இல்லை. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன என்பது 1826இல் மன்றோ வெளியிட்ட கணக்கு. முன்பு பள்ளி இருந்த பல சிற்றூர்களில் மக்களின் வறுமையால் இப்போது பள்ளியே இல்லை என்று பல்லாரி அறிக்கை வருந்துகிறது. இலண்டனில் ‘மதராஸ் முறை’ கொடிகட்டிப் பறந்த அதே ஆண்டுகளில், அதன் தாய்மண்ணில் திண்ணைகள் வெறுமையாகிக்கொண்டிருந்தன.

இனி ஆனேக்கலுக்கு மீள்வோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் பணி தொடங்கிய அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, அரசுப் பள்ளிகளிற் கணிப்பொறி வழிக் கல்வியைப் பெரிய அளவில் முயன்று பார்த்தது. கதையும் விளையாட்டுமாக அமைந்த பாடங்களைப் பல இந்திய மொழிகளிற் குறுந்தகடுகளாக ஆக்கி ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அளித்தது. குழந்தைகள் ஆவலோடு பொறியைச் சூழ்ந்தனர் என்பது மெய்யே. ஆனால் ஆசிரியர் அதைத் தம் பாடத்தோடு இணைத்துக்கொள்ளாத இடத்தில் பொறி ஒருபுறமும் கல்வி ஒருபுறமுமாக நின்றன. எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்பதை அறக்கட்டளை தானே ஆராய்ந்து கண்டு, அதை ஒளிக்காமல் வெளியிட்டும் சொன்னது. பெரும்பொருள் செலவிட்ட முயற்சியைப் பற்றி அவ்வாறு சொல்ல மனத்திட்பம் வேண்டும்.

பின்னர் அதன் கருத்து ஆசிரியர்பால் திரும்பியது. கருநாடகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2010இல் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஆனேக்கல் வட்டத்துச் சர்ஜாபுரத்தில் இன்று அதன் வளாகம் இருக்கிறது. கணிப்பொறித் தொழிலுக்குப் பேர்பெற்ற மின்னணு நகரத்திலிருந்து அது நெடுந்தொலைவிலில்லை. கல்வியியல் பயில அங்கே வரும் இளைஞர்கள் பாட அறையோடு நின்றுவிடுவதில்லை. களப்பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் சென்று குழந்தைகளோடு நாள்களைக் கழிக்கின்றனர்.