கால்டுவெல் நடந்த நடையும் எங்கள் பாதயாத்திரையும்

முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியராக வேலை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் கால்டுவெல்லைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். "திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், ஆண்டு 1856." ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்த மனுஷர் சென்னையிலிருந்து நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்தார் என்பது ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

1814-இல் அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் படித்தவர். 1838 ஜனவரியில் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் வந்து இறங்கினார். மூன்று வருஷம் அங்கேயே இருந்து தமிழ் படித்தார். 1841-இல் அந்தச் சங்கத்தை விட்டு, எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து தெற்கே புறப்பட்டார். அப்போது அவருக்கு 27 வயது. ரயில் கிடையாது. வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் குதிரையிலோ பல்லக்கிலோ போன காலம். ஜனங்களை நெருங்கிப் பழக வேண்டும் என்றால் நடந்துதான் போக வேண்டும் என்று இவர் தீர்மானித்தார். தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு, அந்த வருஷக் கடைசியில் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். நேர்வழியில் வந்தாலே 650 கிலோமீட்டருக்குக் குறையாது. மலையையும் ஏறி இறங்கி வந்த தூரத்தை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்த கையோடு, அந்தத் தை மாதம் எங்கள் தெருக்காரர்கள் திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டிக் கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். "சாருக்கு இந்த வயசில எதுக்கு? பஸ்ஸில வந்திரலாமே" என்றார்கள். நான் கேட்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகப் போனோம். எட்டயபுரம் தாண்டும் வரைக்கும் பக்திப் பாட்டும் அரோகராவுமாக உற்சாகமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, மக்காச்சோளம், ஆங்காங்கே வெடித்த பருத்தி. அதற்கப்புறம் பாதத்தில் கொப்புளம் கண்டுவிட்டது. மற்றவர்கள் முன்னே போய்விட, ஒரு சின்ன ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி செம்பு நிறைய நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எய்யா, செத்த நேரம் இருந்துட்டுப் போங்க. நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு நடந்தா வெயிலுக்கு முன்னாடி தூரம் போயிரலாம்" என்றாள். காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"வெள்ளன" என்ற அந்தச் சொல்தான் என்னை உலுக்கிவிட்டது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் கட்டுரையில் "வெள்ளன எந்திரிச்சு" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்ததோடு விடாமல், வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் கோனார் உரையைப் பார்த்து எழுதினானே தவிர, சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை.

கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று இலக்கியம் உள்ள மொழிகளோடு நிற்கவில்லை. நீலகிரித் தோடர், கோத்தர் பேச்சையும், கோண்டு மொழியையும் சேர்த்து வைத்துத்தான் ஒப்பிட்டார். பேச்சு மொழிக்கும் இலக்கணம் உண்டு என்று எடுத்துக்கொண்டவர் அவர். அவர் பெயரைச் சொல்லியே சம்பளம் வாங்கிய நான், எங்கள் ஊர்ச் சொல்லைப் பிழை என்று அடித்தேன். இத்தனைக்கும் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்திருக்கிறார்.

நடந்துவிட்டால் மனுஷன் முழுசாக மாறிவிடுவான் என்றும் நான் சொல்லவில்லை. இத்தனை தூரம் நடந்து வந்த அதே கால்டுவெல், 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் அவர்களைத் தாழ்வாகச் சித்திரித்தார். பின்னாளில் பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்த நூலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் அவர் திரும்பிப் போய்விடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இடையன்குடியிலேயே இருந்தார். கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள்.

நாங்கள் நான்காம் நாள் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தோம். கறுப்பு மண் வெளுத்து, உப்பளமாகி, கடைசியில் கடற்கரை மணலானதைக் காலாலேயே பார்த்தேன். பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அது கண்ணில் பட்டதில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனைத் தேடிப் போனேன். இப்போது அவனுக்கே பேரன் பேத்தி எடுக்கிற வயசு. விஷயத்தைச் சொல்லி, "தப்பு என்னுடையதுப்பா" என்றேன்.

"அதெல்லாம் மறந்துபோச்சு சார்" என்றான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறக்கவில்லை என்று தெரிந்தது. காப்பி வாங்கிக் கொடுத்தான், குடித்தேன். கிளம்பும்போது, "அடுத்த வருஷம் நடக்கிறதா இருந்தா சொல்லுங்க சார், நானும் வாரேன்" என்றான்.

சொல்லி அனுப்பினேன். வந்தான். அதற்கப்புறம் வருஷா வருஷம் சேர்ந்துதான் நடக்கிறோம்.