பேனாவும் பென்சிலும் ஓர் இணை: பழைய ஊற்றுப்பேனாத் தொகுதிகளைக் காலங்கணித்தலில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நிறுவனங்கள் ஊற்றுப்பேனாவையும் திருகு பென்சிலையும் ஒரே பெட்டியில் வைத்து இணையாக விற்றன. இன்று சேகரிப்பாளரிடம் உள்ள இணைகளுள் எவை தொடக்கத்திலேயே இணையாக இருந்தவை, எவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதை அறிய உதவும் சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நிற ஒற்றுமை தன்னளவில் நம்பத்தக்க சான்று அன்று என்பதும், சேகரிப்புச் சந்தை போற்றும் பண்புகளே வரலாற்றுச் சான்றுகளை அழிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: ஊற்றுப்பேனா, திருகு பென்சில், பார்க்கர், ஷீஃபர், வாட்டர்மேன், காலக்குறி, செல்லுலாய்டு

இணையின் தோற்றம்

ஊற்றுப்பேனாவின் வரலாற்றை 1884இல் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். காப்பீட்டு ஒப்பந்தத்தின்மேல் மை கொட்டியதால் அவர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார் என்றும், அந்த ஆத்திரத்தில் புதிய பேனாவை உருவாக்கினார் என்றும் வழங்கும் கதை விளம்பரத்தின் வழியே பரவியது. அதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும், வழக்கில் 'பேனா செட்' எனப்படும் இணையின் வரலாறு வாட்டர்மேனிடமிருந்து தொடங்கவில்லை; அது பென்சிலிலிருந்து தொடங்குகிறது.

சார்லஸ் கீரன் உருவாக்கிய எவர்ஷார்ப் என்னும் திருகு பென்சிலைச் சிகாகோவின் வால் நிறுவனம் பெருமளவில் தயாரித்து விற்றது. பென்சிலில் வெற்றி கண்ட அந்நிறுவனம் 1917இல் பாஸ்டன் ஊற்றுப்பேனா நிறுவனத்தை வாங்கிப் பேனாத் தொழிலிலும் இறங்கியது. உலோகத்தாலான பென்சிலுக்கு அதே வேலைப்பாடு கொண்ட உலோகப் பேனாவைத் துணையாக்குவது எளிதாயிற்று. பார்க்கர், ஷீஃபர் முதலிய நிறுவனங்களும் 1920களில் தம் பேனாக்களுக்கு ஒத்த பென்சில்களைச் செய்தன. பட்டமளிப்பு, திருமணம், பணி ஓய்வு ஆகிய நிகழ்வுகளுக்குரிய அன்பளிப்பாக இணை நிலைபெற்றது. 1921இல் வெளிவந்த பார்க்கரின் பெரிய சிவப்பு டுயோஃபோல்டு பேனா மட்டுமே 7 டாலர் விலையுடையது என்பதை நோக்கினால், பென்சிலும் பெட்டியும் சேர்ந்த இணை அக்கால நடுத்தரக் குடும்பத்திற்கு எத்தகைய செலவு என்பது விளங்கும்.

இணையின் வடிவம் மாறிய காலமும் தெளிவாகத் தெரிகிறது. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில் ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பார்க்கர் நிறுவனம் தன் ஜாட்டர் பந்துமுனைப் பேனாவை 1954இல்தான் வெளியிட்டது. எனவே 1940களின் பார்க்கர் ஊற்றுப்பேனாவும் பார்க்கர் பந்துமுனைப் பேனாவும் ஒரே பெட்டியில் இருப்பின், அப்பெட்டி எவ்வளவு பழமையாகத் தோன்றினும், அவ்விணை பிற்காலச் சேர்க்கையே. 1955இல் அறிமுகமான திரவக் கரி பென்சிலுக்கும் இவ்விதி பொருந்தும். இவை எளிய வழக்குகள். பேனாவும் பென்சிலும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாக இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

காலக்குறியும் அதன் எல்லையும்

காலங்கணித்தலுக்கு மிகுதியாக இடந்தருவன பார்க்கர் நிறுவனத்தின் வாக்குமாட்டிக் (1933), 51 (1941) ஆகிய இரு வகைகளாகும். இவற்றின் உடற்பகுதியில் பொறித்த எழுத்துகளுக்கு அருகே ஓர் எண் காணப்படும். அது ஆண்டின் கடைசி இலக்கம். 1930களின் இறுதியிலிருந்து அந்த எண்ணைச் சுற்றிப் புள்ளிகள் இடப்பட்டன. ஆண்டின் முதற் காலாண்டில் மூன்று புள்ளிகள், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் புள்ளி இல்லை. புள்ளிகள் கூடாமல் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் பட்டறை நடைமுறையாகும். முத்திரை அச்சில் புதிதாகப் புள்ளி சேர்ப்பது கடினம். இருப்பதைத் தேய்த்து நீக்குவது எளிது.

ஒற்றை இலக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் வரும். '1' என்னும் குறியுடைய 51 பேனா 1941க்கும் உரியதாகலாம், 1951க்கும் உரியதாகலாம். இங்கு மை நிரப்பும் அமைப்பு துணைசெய்கிறது. 1948இல் அழுத்திவிடும் மெல்லிய குழாய் அமைப்பு வரும்வரை, பேனாவின் பின்முனையிலுள்ள தண்டை அமுக்கி மை இழுக்கும் வாக்குமாட்டிக் அமைப்பே 51இல் இருந்தது. போர்க்கால உலோகக் கட்டுப்பாட்டால் அலுமினியத் தண்டுகள் நெகிழித் தண்டுகளாக மாறின. கொக்கியிலுள்ள நீல வைரக் குறி வாழ்நாள் உத்தரவாதத்தின் அடையாளம். அது 1939 அளவில் தோன்றி 1940களின் பிற்பகுதியில் மறைந்தது. இவற்றை ஒருங்கு வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பேனாக்களின் ஆண்டைத் துணியலாம்.

ஆனால் அவ்வாறு துணியப்படுவது குறி பொறித்த உறுப்பின் ஆண்டே. முழுப் பேனாவின் ஆண்டு அன்று. மூடி தொலையும், நிப் உடையும். பழுதுபார்ப்போர் கைக்குக் கிடைத்த உறுப்பைப் பொருத்துவர். பார்க்கர் நிப்பிலும் தனியே காலக்குறி உண்டு. உடலைவிட ஒன்றிரண்டு காலாண்டு முந்திய நிப் தொழிற்சாலை இருப்பிலிருந்து வந்ததாகலாம்; பல ஆண்டு பிந்திய நிப் பழுதுபார்ப்பின் சான்று. வாட்டர்மேன் பேனாக்களில் இத்தகைய ஆண்டுக்குறி இல்லை. அங்கு உடலின் அடிமுனையில் பொறித்த எண் வேறுவகையில் பயன்படுகிறது. 52 என்பது நெம்புகோல் கொண்டு மை நிரப்பும் பேனா, 2ஆம் அளவு நிப் என்பதைக் குறிக்கும். 452 என்பது அதன்மேல் வெள்ளி உறை போர்த்தியது. 52 எனப் பொறித்த பேனாவில் 4ஆம் எண் நிப் இருந்தால் அது மாற்றப்பட்ட நிப். சுவடிப் பதிப்பில் ஏட்டின் வயது வேறு, நூலின் வயது வேறு என்னும் தெளிவு இன்றியமையாதது போலவே இங்கும் உறுப்பு, பேனா, இணை ஆகிய மூன்றின் வயதையும் தனித்தனியே கணிக்க வேண்டும்.

பயன்பாட்டுக் காலம் இம்மூன்றிலும் சேராத ஒன்று. 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பானின் சரணாகதி ஆவணத்தில் மெக்காதர் கையொப்பமிடப் பயன்படுத்திய பேனாக்களுள் ஒன்று அவர் மனைவிக்குரிய செம்மஞ்சள் டுயோஃபோல்டு. அப்போதைக்கு அது வழக்கொழிந்த வடிவம்.

நிறம் தரும் தவறான உறுதி

சேகரிப்பாளர் பலரும் முதலில் பார்ப்பது நிறத்தை. பேனாவும் பென்சிலும் ஒரே சாயலில் இருந்தால் அவை பிறவி இணை என முடிவு செய்வது இயல்பு. பொருள்களின் வேதியியல் இதற்கு மாறான முடிவையே பெரும்பாலும் தருகிறது.

1920களின் தொடக்கம்வரை பேனாக்கள் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய வன்ரப்பரால் செய்யப்பட்டன. ஒளியும் ஈரமும் பட்ட வன்ரப்பர் கருமை இழந்து பழுப்பாகும். சட்டைப் பையில் இருந்த பேனாவும் மேசை இழுப்பறையில் இருந்த பென்சிலும் ஒரே அளவில் பழுப்பாக வேண்டியதில்லை. 1924இல் ஷீஃபர் நிறுவனம் ராடைட் என்ற பெயரில் செல்லுலாய்டைக் கொண்டுவந்தபின் பேனா உலகம் நிறங்களால் நிறைந்தது, சிக்கலும் கூடியது. பேனாவுக்குள் மை தேக்கும் ரப்பர்ப் பை கந்தக ஆவியை வெளியிடும். கருப்பும் முத்து வெண்மையும் கலந்த செல்லுலாய்டை அவ்வாவி உள்ளிருந்தே கறைப்படுத்தும். ஆகவே பழைய முத்து நிற டுயோஃபோல்டில் உடல் மங்கிய பழுப்பாகவும் மூடி வெண்மை குன்றாமலும் இருப்பதைக் காணலாம். பென்சிலில் ரப்பர்ப் பை இல்லை; அது பெரும்பாலும் தன் முதல் நிறத்தையே காத்துக்கொள்கிறது.

வாக்குமாட்டிக்கில் ரப்பர்ப் பை கிடையாது. மை உடலுக்குள்ளேயே நேராக நிற்கும். வளையம் வளையமாக அடுக்கிய செல்லுலாய்டின் ஒளி ஊடுருவும் பட்டைகள் காலப்போக்கில் மஞ்சளித்துத் தேன் நிறமாயின. அதே அடுக்கிலிருந்து செய்த பென்சிலை மை தீண்டவில்லை.

இதிலிருந்து பெறப்படுவது, பயன்பட்ட மெய்யான இணையில் பேனாவும் பென்சிலும் நிறத்தால் வேறுபடுவதே எதிர்பார்க்கத்தக்கது என்பதாகும். முழு ஒற்றுமை காணப்படின் இரண்டிலொன்று: பேனா ஒருபோதும் மை காணாதது, அல்லது யாரோ ஒருவர் பல பென்சில்களுள் பொருந்தும் ஒன்றைத் தேடியெடுத்துச் சேர்த்தது. முன்னதை நிப்பின் பிளவிலும் அதன் அடியில் மையைக் கொண்டுசெல்லும் வரிப்பள்ளங்களிலும் காய்ந்த மை உண்டா எனப் பார்த்து அறியலாம். மூடிய பெட்டியில் நெடுங்காலம் கிடந்த இணையில் ரப்பரின் ஆவி பக்கத்துப் பொருளையும் தாக்கக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் கொண்டு எதிர்மறை முடிவுக்கு விரைவதும் தவறு.

பொறித்த பெயர்கள்

இணையை நிறுவ வலிமையான சான்று உரிமையாளர் பெயரே. அன்பளிப்பாக வாங்கியோர் பெறுபவரின் பெயரைப் பேனாவிலும் பென்சிலிலும் பொறிக்கச் செய்தனர். ஒரே பெயர், ஒரே எழுத்து வடிவில், ஒரே ஆழத்தில் இரண்டிலும் இருக்குமானால், அவை குறைந்தது பொறித்த நாளிலாவது ஒருவரிடம் ஒருங்கே இருந்தன எனத் துணியலாம். காலக்குறிகளில் ஒரு காலாண்டு, இரு காலாண்டு வேறுபாடு இருந்தாலும் இச்சான்று தளராது.

ஆனால் பெயர் பொறித்த பேனாவுக்குச் சந்தையில் விலை குறைவு. வாங்குவோர் கடையிலிருந்து அன்று வந்ததுபோன்ற பொருளை விரும்புகின்றனர். எனவே விற்போர் பெயரைத் தேய்த்து நீக்குகின்றனர். தேய்த்த இடத்தில் உடல் சற்றே மெலிந்து தட்டையாகும். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் புலப்படும். பெயரோடு அருகிலுள்ள நிறுவன முத்திரையும் காலக்குறியும் மங்கிவிடுவதுண்டு. பளபளப்பான பேனா மிஞ்சுகிறது. அது எந்த ஆண்டினது, யாருடையது, எதனோடு சேர்ந்திருந்தது என்னும் மூன்று செய்திகளும் ஒரே துணித்தேய்ப்பில் போய்விடுகின்றன. பெட்டி இவ்விழப்பை ஈடுசெய்யாது. வெற்றுப் பெட்டிகள் தனியே விற்கப்படுகின்றன. எந்தப் பேனாவையும் எந்தப் பெட்டியிலும் வைக்கலாம்.

ஆதலால் தொகுப்புகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரிப்போர் 'இணை' என்னும் சொல்லை விவரமாகக் கொள்ளாமல் கருதுகோளாகக் கொள்வதே பொருத்தம். உடல், மூடி, நிப், பென்சில் ஆகியவற்றின் குறிகளைத் தனித்தனியே பதிந்து, அவை இணைக்கப்பட்டதற்கான சான்று எதுவென்பதைத் தனி வரியில் எழுத வேண்டும். பெயரையும் முத்திரையையும் துடைப்பதற்கு முன்னரே, சாய்ந்த ஒளியில் படமெடுத்து வைப்பது அப்பதிவின் முதற் பணியாகும்.