இரட்டை வடிவ வினையடைகள் (ஆங்கிலம்)

ஆங்கிலத்தில் ஒரே பெயரடையிலிருந்து பிறந்து, 'லி' விகுதி பெற்றும் பெறாமலும் வழங்கும் வினையடை இணைகள். ஹார்ட்–ஹார்ட்லி, லேட்–லேட்லி, நியர்–நியர்லி, ஹை–ஹைலி ஆகியவை மிகுந்த மயக்கம் தருவன.

மயக்கத்தின் வேர் பழைய ஆங்கிலத்தில் உள்ளது. அங்கே பெயரடையின் ஈற்றில் 'எ' என்னும் உயிர் சேர்ந்தால் வினையடை கிடைக்கும். 'ஹெஆர்ட்' என்றால் கடுமையான. 'ஹெஆர்டெ' என்றால் கடுமையாக. பேச்சில் இந்த ஈற்றுயிர் தேய்ந்து, 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துபோக, இரண்டும் ஒரே உருவமாயின. ஏற்கெனவே வழக்கிலிருந்த 'லி' விகுதி அந்த இடத்தில் செல்வாக்குப் பெற்றது. உடல், உருவம் எனப் பொருள்பட்ட பழஞ்சொல்லே அதன் மூலம்.

ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள் நின்றதால் பொருள் பிரிந்தது. ஹார்ட்லி முதலில் 'வலுவாக, கடுமையாக' என்றே பொருள்பட்டது. பிறகு 'அரும்பாடுபட்டு' என்றானது. அரும்பாடுபட்டு நடப்பது நடக்காமற்போவதற்கு ஓரடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்த ஓரடியையும் கடந்து அச்சொல் 'ஏறக்குறைய இல்லை' என்பதில் வந்து நின்றது. ஆகவே 'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் ஒருவன் பாடுபட்டு உழைக்கிறான். 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் ஏறக்குறைய வேலையே பார்ப்பதில்லை. 'கடுமையாக' என்பதில் 'ஆக' வருவதைப் பார்த்துப் பழகிய தமிழ் மாணவர், உழைப்பைச் சொல்லவந்து 'லி' சேர்த்துவிடுவது இயல்பே. ஹை, ஹைலி இணையில் பிரிவு வேறு வகை: பறவை ஹை பறக்கும், அறிஞரை ஹைலி மதிப்பார்கள். கண்ணால் காணும் உயரத்துக்கு முன்னது, அளவின் மிகுதிக்குப் பின்னது.

விகுதியில்லா வடிவங்களுக்கு இழுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில். பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் பெயரடையை வினையடையாக ஆள்வது முறையன்று என்றார். ஷேக்ஸ்பியர், டிரைடன், ஸ்விஃப்ட் ஆகியோரிடமே பிழை கண்டார். லிண்ட்லி மரேயின் 1795ஆம் ஆண்டு இலக்கணம் இத்தகைய விதிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. லௌத் பிழையென ஒதுக்கியது உண்மையில் மொழியின் பழைய மரபு. சாலைப் பலகையிலுள்ள 'கோ ஸ்லோ' அந்த மரபில் வந்த சரியான ஆங்கிலமே. ஃபாஸ்ட் என்பதற்கோ இன்றைய வழக்கில் 'லி' வடிவமே கிடையாது.

இன்றைய அகராதிகள் இரு வடிவங்களையும் தனித்தனிச் சொற்களாகத் தருகின்றன.