ஒரே பெயர், இரண்டு முகவரி

சைதாப்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், ஒரு நாள் ஒரு புதிரோடு வந்தார். அவருடைய நிறுவனத்தின் இணையதளம் அதுவரை அலுவலகத்திலிருந்த ஒரு கணிப்பொறியிலேயே இயங்கி வந்தது. அதை வெளியே வாடகைக்கு எடுத்த சர்வருக்கு மாற்றிவிட்டுப் பழைய கணிப்பொறியை நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்குத் தளம் நன்றாகத் திறந்தது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் திறக்கவேயில்லை! வந்த ஆர்டர்களைப் பார்க்க முடியவில்லை. இணைப்பில்தான் கோளாறு என்று இரண்டு நாட்கள் தொலைபேசியில் சண்டை போட்டார்கள். இணைப்பிலோ ஒரு குறையும் இல்லை.

கோளாறு எங்கே இருந்தது? அதை அறிய, இணையத்தில் பெயர்கள் வந்த வரலாற்றை முதலில் பார்ப்போம்.

ஒரு கடிதத்தின் மேல் 600015 என்று எழுதுகிறீர்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு அது. முதல் இலக்கமான 6 தென்பகுதியைக் காட்டுகிறது. 600 என்றால் சென்னை. கடைசி மூன்று இலக்கங்கள் சைதாப்பேட்டை அஞ்சலகத்தைக் குறிக்கின்றன. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்குச் சைதாப்பேட்டைத் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை. சென்னைக்கு அனுப்பினால் போதும். மீதியைச் சென்னை பார்த்துக்கொள்ளும்.

கணிப்பொறி உலகில் இந்த ஏற்பாடு சற்றுத் தாமதமாகவே வந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்முகவரியும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு அதைக் கையாலேயே பராமரித்தது. புதிய கணிப்பொறி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பட்டியலின் புதுப் பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறிகள் பெருகியபோது இந்த முறை மூச்சுத்திணறியது.

1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். அதுவே டி.என்.எஸ். என்னும் பெயர் முறை. பின்கோடைப் போலவே இதிலும் படிகள் உண்டு. ஆனால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒரு பெயர் '.இன்' என்று முடிந்தால், வேர் சர்வர் இந்தியாவுக்குரிய சர்வரைக் காட்டும். அது அந்த நிறுவனத்தின் பெயர் சர்வரைக் காட்டும். கடைசியில் அந்தச் சர்வர் எண்முகவரியைச் சொல்லும். யாருக்கும் முழுப் பட்டியல் தெரிய வேண்டியதில்லை.

'.இன்' என்னும் முடிவு இந்தியாவுக்கு 1989-இல் கிடைத்தது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைக் கவனித்துவந்தது. அக்காலத்தில் எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கிய எட்டு அமைப்புகளில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. சைதாப்பேட்டையிலிருந்து அது சில கிலோமீட்டர் தூரம்தான். 2005-இல் வேர் சர்வர்களுள் 'எஃப்' எனப்படும் ஒன்றின் பிரதி சென்னைக்கே வந்தது.

இதற்கிடையில் வேறொரு நெருக்கடி. எண்முகவரிகள் 32 பிட் நீளமுடையவை; ஆகவே மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகுக்கு அது போதாது. எனவே 192.168 என்று தொடங்குபவை போன்ற சில முகவரிகளை எந்த அலுவலகமும் தன் சுவர்களுக்குள் பயன்படுத்தலாம் என ஒதுக்கினார்கள். 1996-இல் இதற்கான விதி வெளியானது. இம்முகவரிகள் வெளியே செல்லாது.

விளைவைக் கவனியுங்கள். அலுவலகத்திலிருக்கும் தளத்திற்கு வெளியே ஒரு முகவரி, உள்ளே ஒரு முகவரி. உள்ளே இருப்பவர் வெளிமுகவரியைத் தேடிப் புறப்பட்டால், சில ரூட்டர்கள் அவரைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. ஆகவே பல அலுவலகங்கள் உள்ளே தனிப் பெயர் சர்வர் வைத்தன. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து, ஒரே பெயருக்கு இரண்டு விடைகள்!

புதிருக்கு வருவோம். சோதனைச்சாலையில் ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுவோம் அல்லவா? அதையே செய்யச் சொன்னேன். என்.எஸ்.லுக்கப் என்னும் கட்டளையால் ஒரே பெயரை முதலில் அலுவலகப் பெயர் சர்வரிடமும், பிறகு 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரிடமும் கேட்டார்கள். வெளியே புதிய முகவரி வந்தது, உள்ளே 192.168.1.10 என்று, நிறுத்தப்பட்ட கணிப்பொறியின் முகவரியே வந்தது. தளத்தை மாற்றியவர்கள் வெளிப்பட்டியலை மட்டும் திருத்தியிருந்தார்கள்! உள்பட்டியலிலும் ஒரு வரியைத் திருத்தியதும் தளம் திறந்தது.

இரண்டு விடைகளும் ஒன்றாயிருந்து, அது சரியான முகவரியாகவும் இருந்தால் பெயர் முறை குற்றமற்றது. இணைப்பையோ சர்வரையோ சோதியுங்கள். திருத்திய பின்னும் சிலருக்குப் பழைய விடையே வந்தால் பொறுத்திருங்கள். பெயர் சர்வர்கள் கேட்ட விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்திருக்கும். 86400 விநாடி என்று குறித்திருந்தால் ஒரு நாள். சென்னை வீடுகளில் 'பழைய எண், புதிய எண்' என இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் மாறிய செய்தி எல்லோரையும் ஒரே நாளில் எட்டுவதில்லை.

ஆகவே, தளம் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், "எங்கிருந்து பார்த்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.