காவிரிக்கரையில் ஆசீர்வாதப்பர்: தமிழகக் கிறிஸ்தவ ஆசிரமங்களின் சரித்திரத்தில் ஓர் ஆய்வு

1947-ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் பிரிட்டானிப் பகுதியில் கெர்கோனான் என்னுமிடத்திலிருந்த புனித அன்னம்மாள் மடத்துத் துறவி ஒருவர், தாம் இந்தியாவுக்கு வந்து அந்நாட்டுச் சந்நியாசிகளைப் போலவே வாழ விரும்புவதாகத் திருச்சிராப்பள்ளி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சு மொழியில் இருந்த அக்கடிதத்தை ஆயர், தம் மறைமாவட்டத்துக் கிராமங்களில் 1939 முதல் பணியாற்றிவந்த ஜூல் மொன்ஷானன் என்ற பிரெஞ்சுக் குருவிடம் கொடுத்து மறுமொழி எழுதும்படி சொன்னார். அந்த மொன்ஷானனோ, இப்படி ஒரு துணைவர் வரமாட்டாரா என்று ஆண்டுக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தவர். கடிதம் எழுதிய ஆன்றி லெ சோ அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குளித்தலை வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21-ஆம் நாள், மேனாட்டுத் துறவறத்தின் தந்தையென்று போற்றப்படுபவரும் தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவருமாகிய புனித பெனடிக்ட்டின் திருநாளன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரைத் தோப்பொன்றில், சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கிற்று. சாந்திவனம் என்று இன்று உலகறிந்த இடம் அதுவே.

கிறிஸ்தவத் துறவு மடங்கள் நம் காலத்துத் திருச்சபைக்கு எவ்வகையில் பயன்படுகின்றன என்ற வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எண்ணிக் கணக்குச் சொல்வர். அந்தக் கணக்கில் சாந்திவனத்துக்கு இடமே இராது. ஆயினும், சபை முழுவதும் பின்னொரு நாளில் ஏற்கவேண்டியதை முன்கூட்டியே சிலர் தம் உடலாலும் உணவாலும் உடையாலும் வாழ்ந்து பார்க்கும் இடமே மடம் என்பது இந்த ஆசிரமத்தின் சரித்திரத்தைப் படிப்பவருக்குத் தெளிவாகும்.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்து காவியுடுத்தித் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலியைப் பலரும் அறிவர். எனினும் அவர் தனியொரு போதகரே தவிர மடத்தை அமைத்தவரல்லர். வங்காளத்துப் பிரம்மபாந்தவ உபாத்தியாயர், திரித்துவத்தைச் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தச் சொற்களால் துதித்து 1898-இல் ஒரு சமஸ்கிருதப் பாடல் இயற்றியதோடு, அடுத்த ஆண்டே நருமதை பாயும் ஜபல்பூரில் கத்தோலிக்க மடமொன்றை நிறுவவும் முற்பட்டார். திருச்சபை அதிகாரிகளின் எதிர்ப்பால் அது விரைவில் கலைந்தது. தண்ணீர்ப்பள்ளி ஆசிரமத்தின் பெயர், அரை நூற்றாண்டுக்கு முன் அணைக்கப்பட்ட அந்த விளக்கை மீண்டும் ஏற்றிவைத்ததற்கு ஒப்பாகும்.

இதனினும் வியப்பானது வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921-இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம். துறவற வார்த்தைப்பாடுகளை லூத்தர் கண்டித்த நாள்முதல் மடவாழ்வை ஏறக்குறைய மறந்தே போயிருந்த சீர்திருத்தச் சபைகளின் பிள்ளைகளாகிய டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரராகிய டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மணம் புரியாமல், கதருடுத்தி, நோயாளிகளுக்கு மருந்தும் பிரார்த்தனையும் ஒருங்கே அளித்து வாழ்ந்தனர். ஆசிரமத்தில் ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். வெள்ளைக்காரர் ஒருவர் தமிழருக்குத் தம்பியாக இருந்த அந்த முறைப்பெயர்கள், அக்காலத்து மிஷன் பங்களாக்களின் ஆசாரங்களை அறிந்தவர்க்கு, நீண்ட பிரசங்கங்களைவிட அதிகம் சொல்லும். திராவிடச் சிற்பமுறையில் அவர்கள் எழுப்பிய ஆலயம், பிற்காலத்து முயற்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று.

சாந்திவனத்தாரின் பாதை வேறு. அவர்கள் நாடியது முதன்மையாகத் தியானத்தை. மொன்ஷானன் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர். இருவரும் காவி உடுத்தினர். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த தமிழ் இளைஞர் வந்து நிலைக்கவில்லை. 1949-இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்ததுமுதல் லெ சோவின் மனம் அருணாசலக் குகைகளையே சுற்றிவந்தது. பின்னர்த் திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்தரை அவர் தம் குருவாகவே கொண்டார். அத்வைத அனுபவத்துக்கும் திரித்துவ விசுவாசத்துக்கும் இடையே அவர் அடைந்த தவிப்பை, கூர்ந்த தத்துவ அறிவுடைய மொன்ஷானனால் முற்றும் ஏற்க இயலவில்லை. ஒரே தோப்பில் இருந்த இரு துறவிகள் மெல்ல மெல்ல இரு திசைகளை நோக்கினர். 1957 அக்டோபரில் மொன்ஷானன் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் காலமானபோது, வெளிப்பார்வைக்கு ஆசிரமம் தோல்வியுற்ற ஒரு முயற்சியே. இக்காலப் பகுதியை வரலாற்றாசிரியர் விரைந்து கடப்பது தவறென்று நான் கருதுகிறேன். வந்தோர் தொகையால் அளக்க முடியாத ஒன்று அந்த வெறுமையான ஆண்டுகளில்தான் முளைவிட்டது.

1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பு, கிறிஸ்தவம் வருமுன்னரே பண்டைப் பண்பாடுகளில் கடவுள் விதைத்த தவ மரபுகளைத் துறவற சபைகள் தம்முள் ஏற்கும் வழியை ஆராயவேண்டுமென்று வற்புறுத்திற்று. காவிரிக்கரையில் பதினைந்தாண்டுகளுக்கு முன்னரே இருவர் செய்யத் தொடங்கியதும் அதுவேயல்லவா? 1968-இல் லெ சோ இமயத்துக்கே சென்றுவிட, கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்தை பிரான்சிஸ் மாயியூ அவர்களோடு சேர்ந்து 1958-இல் தொடங்கிய ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ், இரு துணைவரோடு வந்து சாந்திவனத்தை ஏற்றார். அடுத்த ஆண்டே, வழிபாட்டில் இந்திய முறைகளைக் கையாள ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு அம்சங்களுக்கு ரோமாபுரி இசைவளித்தது.

அவ்விசைவு என்ன உருக்கொண்டது என்பதை ஆசிரமக் கோவிலில் காணலாம். முகப்புக் கோபுரத்தில் மூவொரு கடவுளின் உருவம். கருவறை விமானத்தின் அடியில் திருவெளிப்பாட்டு நூல் கூறும் சிங்கம், எருது, மனிதன், கழுகு. கருவறை இருண்டிருக்கும், எண்ணெய் விளக்கின் சுடரில்தான் நற்கருணைப் பேழை துலங்கும். காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. சாம்பல் புதனன்று ஆண்டுக்கொருமுறை நெற்றியில் நீறு பெறும் கிறிஸ்தவனுக்கு, அந்த மாலை விபூதி அந்நியமானதன்று. ஆண்டுக்கொருநாள் என்றிருந்தது அன்றாடமாயிற்று, அவ்வளவே.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அதை மறைப்பது ஆய்வாகாது. இந்துத் துறவியின் சின்னங்களைக் கிறிஸ்தவர் மதமாற்ற உபாயமாகக் கவர்ந்தனர் என்று சீதாராம் கோயல் 1988-இல் நூலெழுதிக் கண்டித்தார். மறுபுறத்தில், எண்பதுகளில் வளர்ந்த தலித் இறையியலார், உபநிஷதமும் சமஸ்கிருதமுமே இந்தியம் என்று கொள்ளும் ஆசிரமம், தமிழகக் கிறிஸ்தவருள் பெரும்பகுதியினராகிய ஒடுக்கப்பட்டோரின் தெய்வ அனுபவத்தைப் புறத்தே நிறுத்துகிறதென்றனர். முதற் குற்றச்சாட்டு, ஆள்சேர்க்கும் நோக்கமின்றி வாழ்ந்த இவர்களுக்குப் பொருந்தாதென்பது என் துணிபு. இரண்டாவதோ உண்மையின் கூர்முனையைத் தொடுவது. நாலாயிரமும் தேவாரமும் பிறந்த சோழநாட்டில், காவிரி நீரைக் குடித்துக்கொண்டு, பெயரிலும் சிந்தனையிலும் வடமொழிக்கு முதலிடமும் தமிழுக்கு இரண்டாமிடமும் தந்தது எனக்கு இன்றும் மனவருத்தம் தருவதே.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரமம், புனித ரொமுவால்து பதினோராம் நூற்றாண்டில் தோற்றுவித்த கமல்தோலித் துறவியரின் சபையோடு இணைந்தது. தனிக்குடில் வாழ்வையும் கூட்டு வாழ்வையும் ஒரே கூரைக்கீழ் வைத்த சபை அது. கலிபோர்னியாவில், பசிபிக் கடலை நோக்கிய பிக் சர் மலைச்சரிவில் 1958 முதல் இருக்கும் அச்சபையின் மடமும் தண்ணீர்ப்பள்ளியும் இதனால் ஒரே குடும்பமாயின; சான் ஹோசே பக்கத்துத் தமிழர் கடலோரப் பாதையில் தெற்கே போனால் சாந்திவனத்தின் உடன்பிறப்பைக் காணலாம். 1991-இல் இந்தியானா மாநிலத்து நியூ ஹார்மனியில் முதுமையடைந்த கிரிபித்ஸ் நடத்திய கருத்தரங்கிலிருந்துதான், இல்லறத்தார்க்கு மௌன ஜெபத்தைக் கற்பிக்கும் கிறிஸ்தவத் தியான உலகச் சமூகம் உருவாயிற்று. இரண்டாண்டு கழித்து, மே 13 அன்று, சாந்திவனத்துக் குடிலில் அவர் உயிர் நீத்தார்.

இதை நான் எழுதுவது டெக்சஸ் மாநிலத்துக் கேட்டியில் இருந்து. வீடுகள் பெருகுமுன் இது நெல் விளைந்த பூமி, பழைய ஊர்ப்பகுதியில் நெல்லுலர்த்தும் உயர்ந்த கலங்கள் இன்றும் நிற்கின்றன. இதே மாநிலத்தில், டல்லாஸை அடுத்த இர்விங்கில், ஹங்கேரியிலிருந்து வெளியேறிய சிஸ்டர்சியத் துறவியர் நிறுவிய மடத்தார் பள்ளி நடத்துகிறார்கள். சுண்ணாம்புக் கற்பாளங்களை அடுக்கி 1992-இல் அவர்கள் முடித்த கோவிலில் நாள்தோறும் தவறாது சங்கீதங்கள் ஒலிக்கின்றன. தம் மொழியையும் மடத்தையும் இழந்து வந்தவர் புதிய மண்ணில் ஜெபவேளைகளைக் காத்தது ஒருவகை; காவிரிக்கரையினர் பிறர் மண்ணில் பிறர் மொழியைக் கற்று ஜெபத்துக்கே புதிய உடல் தேடியது வேறொருவகை. புலம்பெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் தம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டனுள் எதைக் கொடுக்கப்போகிறார்கள் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. தண்ணீர்ப்பள்ளியில் மாலை விபூதி கொடுக்கப்படும் வேளையில் இங்கே பொழுது விடிந்து, பத்தாம் எண் நெடுஞ்சாலையில் ஹூஸ்டனை நோக்கி வண்டிகள் நெருங்கி ஊர்ந்துகொண்டிருக்கும்.