நடுக்கத்தின் ஊற்றுக்கண்

ஹெலிகாப்டரின் சரித்திரத்தில் பெரிய யந்திரத்துக்குச் சிறிய யந்திரமே முன்னோடியாக நின்றது என்பது பலர் கவனியாத விஷயம். 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்தர் யங் என்ற இளைஞர், முழு அளவு ஹெலிகாப்டரைக் கட்டி அதில் ஏறி உயிரைப் பணயம் வைப்பதை விடுத்து, சிறு மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டு, அவை விழுந்து நொறுங்கும்போதெல்லாம் காரணத்தை ஆராய்ந்து மறுபடியும் செய்வது என்ற விரதத்தை மேற்கொண்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே கழித்தார். ஹெலிகாப்டரைத் தூக்கும் சுழலியான ரோட்டாருக்குக் குறுக்கே, முனைகளில் எடை பொருத்திய ஒரு சட்டத்தைச் சுழலவிட்டு, ரோட்டார் தறிகெட்டுச் சாயாமல் காக்கும் உபாயம் அந்த மாதிரிகளிலிருந்தே பிறந்தது. 1941-ல் அவர் பெல் கம்பெனியில் சேர்ந்தார். அந்தச் சட்டத்தோடு உருவான பெல் 47, 1946-ல் பொதுமக்கள் உபயோகத்துக்கென அநுமதி பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று.

ரேடியோவினால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர் நம்பத்தக்க வாகனமாவதற்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் செய்த மாதிரி, 1970-ல் அரை மணிக்குச் சற்றே குறைந்த நேரம் தொடர்ந்து பறந்தபோதுதான் அது சாத்தியம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்நாளில் அதைப் பறக்கவிட்டவர்கள் நடுக்கத்தை ஒரு குறையாகவே எண்ணவில்லை. ஆணி கழன்று விழாதவரையில், வால் துடிப்பதையும் கால்கள் அதிர்வதையும் அந்த ஜாதி யந்திரத்தின் சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சமாதானத்தைக் கலைத்தது காமிரா. பெல்ஜியத்தில் எம்மானுவேல் ப்ரேவினேர் 1988-ல் தொடங்கிய ஃப்ளையிங்காம் என்ற ஸ்தாபனம், சினிமாக் காமிராவையே சிறு ஹெலிகாப்டரில் ஏற்றியதற்காக 1995-ல் ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. மனிதக் கண் மன்னித்த நடுக்கத்தைப் படச்சுருள் மன்னிக்காது என்பதால், காமிராவைச் சுமந்த நாள் முதலாக, மாதிரி ஹெலிகாப்டர்க்காரர் ஒவ்வொருவரும் நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று தேடும் வித்தையைக் கற்றாக வேண்டியதாயிற்று.

எவ்வளவு சிறிய பிழை எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கிறது என்பதை ஒரு கணக்கினால் உணரலாம். மையத்திலிருந்து 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ரோட்டார் இறக்கை, அதாவது பிளேடு, நிமிஷத்துக்கு 1,800 சுற்றுச் சுழலும்போது, அதன் நுனியில் 1 கிராம் எடை மட்டும் அதிகமாக இருந்தால், அது ரோட்டாரின் அச்சை ஏறக்குறைய 2.7 கிலோ பாரத்தின் பலத்தோடு, வினாடிக்கு 30 தடவை திசை மாற்றி மாற்றி இழுக்கும். ஆகவே இரண்டு பிளேடுகளையும் தராசில் நிறுத்துச் சமம் செய்துவிட்டால் போதாது; முதலில் ஒவ்வொன்றின் எடை மையமும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி செய்து, பிறகு எடை குறைந்த பிளேட்டில் அந்த மையத்தின்மேலேயே நாடாவைச் சுற்றி எடையைச் சரிக்கட்ட வேண்டும்.

எடை சமமானாலும் இரு பிளேடுகளும் ஒரே தளத்தில் ஓடவில்லையென்றால் நடுக்கம் தீராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஹெலிகாப்டர்களின் மெக்கானிக்குகள் கையாண்ட முறை மிகவும் அழகானது. ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் வெவ்வேறு நிறச் சாக்கைத் தடவி, நீண்ட கோலொன்றில் துணியைக் கொடிபோல இழுத்துக் கட்டி, சுழலும் ரோட்டாரின் விளிம்பை மெல்ல அணுகித் துணியை அதில் ஒரு கணம் பட விடுவார்கள். துணியில் விழுந்த நிறக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பிளேடுகள் ஒரே தடத்தில் ஓடுகின்றன என்றும், பிரிந்து விழுந்தால் எந்த நிறம் மேலே, எவ்வளவு மேலே என்றும் தெரிந்துவிடும். அந்தக் கோலைப் பிடித்து நின்றவர்களின் நெஞ்சுரத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மாதிரி ஹெலிகாப்டரில் சாக்குக்குப் பதில் இரு நிற நாடாக்களை நுனிகளில் ஒட்டி, தூரத்தே தரைமட்டத்தில் கண்ணை வைத்து, எந்த நிறம் உயர்ந்து ஓடுகிறது என்று பார்த்து, அந்தப் பிளேடின் சாய்வை மாற்றும் இணைப்புத் தண்டை அரைச்சுற்று திருகுவார்கள்.

எல்லா நடுக்கமும் பிளேடிலிருந்து வருவதில்லை. அநுபவஸ்தர் அதன் வேகத்தைக் கொண்டே ஊற்றுக்கண்ணைக் கண்டுகொண்டார். யந்திரம் முழுவதும் மெதுவாக ஆடினால் பெரிய ரோட்டாரும், வால் துடுப்பின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் ஏறக்குறைய நாலரை மடங்கு வேகத்தில் சுழலும் வால் ரோட்டாரும் சந்தேகத்துக்குரியவை. எஞ்சினிலும் கிளட்சிலும் எழும் அதிவேக நடுக்கமோ கண்ணுக்கே தெரியாது. மெதனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் தொட்டிக்குள் நுரைத்துப் பொங்குவதைக் கொண்டுதான் அதை அறிய வேண்டும். பிளேடுகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும், அப்போதும் நடுக்கம் நின்றபாடில்லையென்றால் வால் பிளேடுகளையும் கழற்றுவதும், ரோட்டார் தலையிலுள்ள சிறு அச்சைக் கண்ணாடிமேல் உருட்டி, அடியில் வெளிச்சம் புகுகிறதா என்று பார்ப்பதும் இப்படி ஒவ்வொன்றாக விலக்கி நெருங்கும் முறைகளே.

பொறுமையற்றவர்கள் இவ்வளவையும் விட்டு, காமிராவுக்கடியில் ரப்பரை வைத்தார்கள். ரப்பர் உதவாதென்று சொல்ல முடியாது. ஆயின் ரப்பரின்மேல் தொங்கும் காமிராவுக்கும் சுயமான ஓர் ஆட்டவேகம் உண்டு. நடுக்கத்தின் வேகம் அதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டால்தான் ரப்பர் தடுக்கும். நெருங்கி வந்தால் உள்ளதைப் பெருக்கிக் கொடுக்கும். வினாடிக்கு 10 தடவை ஆடும்படி தொங்கவிட்ட காமிரா, பறக்கும்போது சாந்தமாக இருந்தாலும், கிளம்பும்போது ரோட்டார் நிமிஷத்துக்கு 600 சுற்றைக் கடக்கும் சில வினாடிகள் வெறி பிடித்தாற்போல் உதறியது இதனால்தான். டிஜிட்டல் காமிராக்கள் வந்தபின் தொல்லை வேறு உருவம் எடுத்தது. அவற்றில் பல, படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாக வாசிப்பதால், அதிவேக நடுக்கத்தில் நேரான கம்பமும் நீருக்குள் தெரியும் பிம்பம்போல் நெளிந்தது.

2012-ல் வெளிவந்த ஸ்கைஃபால் படத்தின் ஆரம்பத் துரத்தல் காட்சிக்கு இஸ்தான்புல் நகரில் ஃப்ளையிங்காமின் மின்சார ஹெலிகாப்டர் பறந்தது; அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் பல ரோட்டார் கொண்ட டிரோன்களும், காமிராவைக் கணத்துக்குக் கணம் நேராக்கும் மோட்டார்த் தாங்கிகளும் சந்தையை நிறைத்தன. படம் ஸ்திரமாயிற்று; அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தேய்ந்த பேரிங்கையும் கோணிய அச்சையும் முதலில் காட்டிக்கொடுத்த சாட்சி, கலங்கிய படமே அல்லவா? தாங்கி அந்தக் கலக்கத்தை விழுங்கிவிடுவதால், டிரோன் மோட்டாரின் பேரிங் ஓசைப்படாமல் தேய்ந்துகொண்டே போகிறது. ஓட்டுகிறவர் அதை அநேகமாக மோட்டார் சூடேறி நிற்கும்போதுதான் அறிகிறார்.